யன்னலோரத்து அம்மம்மா

மார்ச் மாதத்து ஸ்காபரோவில் ஒரு யாழ்ப்பாணத்து வீட்டைக் கண்டுபிடிக்க வீட்டிலக்கம் தேவையில்லை. எல்லா வாசல்களையும்போல அந்த வாசலிலும் ஊத்தைப் பனி குவிந்து கிடக்கும், அதை விடுங்கள். தெற்குப் பார்த்த யன்னலைப் பாருங்கள். கண்ணாடிக்கு உள்பக்கம் தயிர்ப் பெட்டிகள் வரிசையாக நிற்கின்றனவா? அவற்றுக்கு வெயில் படவேண்டும் என்று திரைச்சீலை ஒரு பக்கமாய் இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறதா? அந்தத் திரைச்சீலையின் ஓரத்தில் சேலைக்கரை தெரிகிறதா? உள்ளே ஓர் அம்மம்மா இருக்கிறார். மணியை அடிக்கலாம். ஆனால் கதவைத் திறந்தபடி நின்று கதைக்கக்கூடாது. குளிர் உள்ளே வந்தால் மிளகாய்க்கு ஆகாது.

ஸ்காபரோவில் தொடங்கி மார்க்கம், ஏஜாக்ஸ் வரைக்கும் இவரைத் தெருவுக்குத் தெரு காணலாம். சில வீடுகளில் அப்பம்மா என்ற பெயரில் இருப்பார், ஆள் ஒன்றுதான். பேரப்பிள்ளையைப் பார்க்கவென்று வந்தவர். பிள்ளைகள் பொறுப்பெடுத்துக் கூப்பிட்டு வந்தவர்களும் உண்டு, 2011 கடைசியில் அறிமுகமான சூப்பர் விசாவில் வந்தவர்களும் உண்டு. பார்க்க வந்த பேரனுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. அவனைப் பார்க்கும் வேலை முடிந்து கனகாலம். வீட்டில் மிச்சம் எல்லாவற்றையும் பார்க்கும் வேலை மட்டும் தொடர்கிறது.

சேலைக்கு மேலே மருமகனின் பழைய கம்பளிச் சட்டை, காலில் ஒன்றின் மேல் ஒன்றாய் இரண்டு சோடி காலுறை, கழுத்தில் அளவு நாடா. நாடா கழுத்தைவிட்டு இறங்குவது அளக்கவும் நித்திரைக்கும் மட்டும். துணியை அளக்கத்தான் அது என்று நினைத்துவிடாதீர்கள். பேரன், கத்தரிக்கண்டு, பக்கத்து வீட்டு வேலி எல்லாம் அதன் அதிகாரத்துக்கு உட்பட்டவை.

நவம்பரில் முதற்பனி விழுந்த கையோடு தையல் மெஷின் நிலக்கீழ் அறையிலிருந்து மேலே ஏறும். ஏறினால் சாப்பாட்டு மேசையில்தான் இருக்கும். “வெளிச்சம் இஞ்சைதான் கிடக்கு” என்பது நியாயம். அதன்பிறகு மே மாதம் வரைக்கும் அந்தக் குடும்பம் மடியில் கோப்பையை வைத்துச் சாப்பிடும். மேசை எதற்கு வாங்கியது என்பதையே பேரப்பிள்ளைகள் மறந்துவிட்டார்கள்.

மெஷின் மகள் வாங்கிக் கொடுத்தது; மின்சாரத்தில் ஓடுவது, பாரமில்லாதது, பலவகைத் தையல் தெரிந்தது. அம்மம்மா அதில் நேர்த்தையலைத் தவிர வேறொன்றையும் தொட்டதில்லை. பிளாஸ்ரிக் மெஷினை அவர் முழுதாக நம்புவதும் இல்லை. சிங்கர் கொம்பனி இலங்கைக்கு வந்தது 1877இல். காலால் மிதிக்கும் அந்த இரும்பு மெஷின் சீதனச் சாமான்களோடு வீடு மாறிய காலத்தில் பிறந்தவர் இவர். ஊரில் விட்டுவந்த அந்த மெஷினைப்பற்றிக் கதைக்கும்போது, விட்டுவந்த காணியைப்பற்றிக் கதைக்கும் குரல் வரும். “ஒருத்தரும் அதை அசைக்கேலாது” என்பார். மெஷினையா காணியையா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

குளிர்காலத்தில் அந்த வீட்டில் தைக்கப்படாமல் தப்பும் துணி கிடையாது. பாஸ்மதி அரிசி வந்த பத்து இறாத்தல் பை, கைபிடி வைத்துக் கடைக்குப் போகும் பையாகும். பேரன் உடற்பயிற்சி வகுப்புக்கு உடுப்புக் கொண்டுபோவதும் அதில்தான். முதுகில் பெரிய எழுத்தில் அரிசியின் பெயர். படுக்கைவிரிப்பு கிழிந்தால் தலையணை உறை, தலையணை உறை கிழிந்தால் கைபிடித்துணி, கைபிடித்துணியும் கிழிந்தால் கோடையில் தக்காளிக்குக் கட்டும் நாடா. குப்பை வண்டிக்காரர் இந்த வீட்டிலிருந்து ஒரு முழத் துணி எடுத்துப் போனதில்லை.

நீளக் காற்சட்டை வாங்கினால், வளருகிற பிள்ளை என்று இரண்டு அளவு கூட்டித்தான் வாங்கவேண்டும். மிச்ச நீளத்தை உள்ளே மடித்துத் தைப்பார். ஒவ்வொரு வருடமும் மடிப்பு ஒன்று அவிழும். பேரனின் ஜீன்ஸின் அடியில் பழைய மடிப்புகளின் வெள்ளைக் கோடுகள் ஒன்றின்கீழ் ஒன்றாகத் தெரியும். எந்தக் குளிருக்கு எத்தனை அங்குலம் வளர்ந்தான் என்பதைக் குடும்ப வைத்தியரைவிட அவனது ஆசிரியைக்கு நன்றாகத் தெரியும். சட்டைக்கு உள்ளேயும் துணி விட்டிருப்பார். கோடையில் சாமத்தியவீடுகளும் அரங்கேற்றங்களும் வரிசையாக வரும். அந்த நேரம் போன வருடத்துச் சட்டை பிடிக்கிறது என்று ஏப்ரலிலேயே பெண்கள் வந்துவிடுவார்கள். “உள்ளுக்குத் துணி கிடக்குப் பிள்ளை, பயப்பிடாதை” என்று அவர் சொல்லும்போது அவர்கள் முகம் தெளிவதைப் பார்க்கவேண்டும். எந்த வைத்தியரும் எடை கூடியவளுக்கு இவ்வளவு இதமாக ஆறுதல் சொன்னதில்லை.

இன்னொரு பழக்கம் உண்டு. எதைத் தைத்தாலும் உள்ளே ஒரு பை வைப்பார். மகளின் அலுவலகக் காற்சட்டைக்குள், மருமகனின் கோட்டுக்குள், பேத்தியின் நீச்சலுடைக்குள்கூட. “அவசரத்துக்குக் காசு வைக்க” என்பார். நீந்தும்போது என்ன அவசரம் என்று பேத்தி கேட்டாள். 1995 ஒக்டோபர் 30ஆம் தேதி இரவு யாழ்ப்பாணம் முழுவதும் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பக்கம் நடந்தபோது, காணி உறுதியும் அடையாள அட்டையும் உள்பாவாடைப் பையில்தான் போயின என்று சொன்னால் அவளுக்கு விளங்குமோ என்னவோ, அம்மம்மா சொல்லவில்லை. பையின் வாயை இன்னும் கொஞ்சம் இறுக்கித் தைத்துக் கொடுத்தார்.

வரவேற்பறையின் நல்ல இடத்தில் ரெலிவிசன் இருந்ததாகப் பழைய படங்களில் தெரிகிறது. இப்போது அங்கே கறிவேப்பிலை நிற்கிறது. செப்ரெம்பர் கடைசியில், இரவு வெப்பம் பத்துப் பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும், பெரிய சாடியோடு உள்ளே வந்தது. வரும்போது குளியலறையில் சவர்க்காரத் தண்ணீரில் குளிப்பாட்டி, இலையின் அடிப்பக்கம் பூச்சி இருக்கிறதா என்று மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்து எடுத்தார்கள். சாடியின் மண் குளிரக்கூடாதென்று பழைய போர்வையில் ஓர் உறை தைத்திருக்கிறார். அதற்கும் உள்ளே ஒரு பை. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் மரத்தைத்தான் சுகம் விசாரிக்கவேண்டும். இலை உதிர்ந்தால் யாரோ கண் வைத்துவிட்டார்கள். கடைசியாக வந்துபோனது யார் என்று குடும்பத்துக்குள் விசாரணை நடக்கும். ஒருமுறை மகள் சாம்பாருக்கென்று ஓர் ஈர்க்கு முறிக்கப் போனாள். “கடையிலை வாங்கன் பிள்ளை. அது கறிக்கு. இது வளர்க்க” என்று பதில் வந்தது.

பெப்ரவரி 2ஆம் தேதி கனடா முழுவதும் ஒரு விலங்கிடம் போய் வானிலை கேட்கும். ஒன்ராறியோவின் வயார்ட்டன் என்ற ஊரில் 1956இலிருந்து இந்தச் சடங்கு நடக்கிறது. கிரவுண்ட்ஹொக் என்ற அந்த விலங்கு வளையைவிட்டு வெளியே வந்து தன் நிழலைக் கண்டால் குளிர் இன்னும் ஆறு கிழமை நீளும். காணாவிட்டால் வசந்தம் முந்தி வரும். காலைச் செய்தியில் அதைப் பார்த்த அம்மம்மாவின் தீர்ப்பு: “உதுக்கென்ன தெரியும்? போன வருசம் என்ர பயித்தங்கொடியை அடியோடை திண்டது உதின்ர சொந்தக்காரன்தானே!” பின்வளவில் திருடுகிற சாதியிடம் நாட்டின் பருவகாலத்தை ஒப்படைத்திருப்பது அவருக்குப் பெரிய அதிர்ச்சி.

அவரிடம் வேறு ஆதாரங்கள் இருக்கின்றன. சுவரில் பஞ்சாங்கம் தொங்குகிறது. வாக்கியமா திருக்கணிதமா என்று யாழ்ப்பாணம் இன்றைக்கும் தீர்க்காத வழக்கு இந்த வீட்டிலும் நடக்கிறது; சம்பந்தி வீடு மற்றக் கட்சி. விதை போட நாள் பார்க்கும்போது மட்டும் இரண்டையும் சமமாக மதிப்பார், எதில் நாள் முந்தி வருகிறதோ அதுவே அந்த வருடத்துக்குச் சரி. உண்மையில் நாளைத் தீர்மானிப்பது தயிர்ப் பெட்டி. போதிய பெட்டி சேர்ந்தால் சுபதினம். சேராவிட்டால் குடும்பம் மூன்று நேரமும் தயிர் சாப்பிடும்.

விதைகள் பழைய கலண்டர் தாளில் மடித்த சிறு பொட்டலங்களில் இருக்கும். மேலே பேனாவால் எழுத்து: ‘தின்னவேலிக் கத்தரி’, ‘பெரியம்மா வீட்டுப் பாவல்’, ‘நல்லது’. இந்த ‘நல்லது’ என்ன விதை என்பது ஜூலை மாதம்தான் தெரியவரும். எப்படி வந்தது என்று கேட்கிறவர் மருமகனாகத்தான் இருப்பார், பதில் கிடைக்காது.

பாவல் விதையின் தோல் தடிப்பு. நுனியை மெல்லக் கிள்ளி, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டிச் சூட்டில் வைக்கவேண்டும். துணிக்கா பஞ்சம்? வெட்டுத்துண்டுகளில் சுருக்குப்பைகளே தைத்துவைத்திருக்கிறார், ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு நிறம். அவை குளிர்சாதனப் பெட்டியின் தலையிலும், சூடான காற்று வரும் துவாரங்களின் பக்கத்திலும் படுத்திருக்கும். அந்தத் துவாரத்தருகே கால் நீட்டி இருந்த மருமகனை எழுப்பிவிட்டார்கள். “தம்பி, கொஞ்சம் தள்ளி இருங்கோ. புடோல் முளைக்குது.”

மிளகாய் விதை இருபத்தைந்து பாகைக்கு மேலே சூடு இருந்தால் சுறுக்காய் முளைக்கும். மருமகன் எரிவாயுக் கணக்கை நினைத்து வீட்டை இருபதில் வைப்பார். அவர் வேலைக்குப் போக, அது இருபத்துநாலுக்கு ஏறும். வந்து குறைப்பார். விடிய மறுபடி ஏறியிருக்கும். “எனக்கில்லைத் தம்பி, எனக்கென்ன, கம்பளி போட்டிருக்கிறன். மிளகாய்க்கு.” மாமியோடு வாதாடலாம். மிளகாயோடு எப்படி வாதாடுவது?

முளைத்தபிறகு வேறு தலையிடி. மார்ச் வெயில் யன்னலில் சாய்ந்து விழுந்து போய்விடும். நாற்றுகள் வெளிச்சத்தைத் தேடிக் கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரே பக்கமாய்ச் சரியும். அதனால் பெட்டிகளை நாள்தோறும் திருப்பவேண்டும். தண்டு உரம்பெறச் சிறிய மின்விசிறி ஒன்றை மெல்லிய காற்றில் ஓடவிடவேண்டும். வெளியே மைனஸ் ஐந்து, உள்ளே வெப்பமூட்டி, அதன் நடுவே விசிறி. பார்க்க வந்த அயலவர் ஒருவர் ஒன்றும் கேட்காமல் கோப்பியைக் குடித்துவிட்டுப் போனார். தண்ணீர் கூடினால் நாற்று அடியில் கறுத்து, இரவோடிரவாக விழுந்துவிடும். பேரனுக்குத்தான் தண்ணீர் விடும் உத்தியோகம். “விட்டனியே? அளவாத்தான் விட்டனியே?” என்று தொலைபேசியில் கேள்வி வரும். அவன் வகுப்பில் இருந்தபடி தமிழில் தண்ணீர்க் கணக்கு ஒப்புவிப்பான். அவனது தமிழ் இந்த அளவுக்கேனும் இருப்பதற்குக் கத்தரிக்காய்க்குத்தான் நன்றி சொல்லவேண்டும்.

சித்திரை வருடப்பிறப்பு வருகிறது. கைவிசேஷம் கொடுத்து முடிய, வெளியே பதினெட்டுப் பாகை வெயில். தெருவில் எல்லோரும் அரைக்காற்சட்டையோடு திரிகிறார்கள். தோட்டக் கடைகளில் தக்காளிக் கண்டுகள் வந்துவிட்டன. பக்கத்துத் தெருவில் ஒருவர் நட்டேவிட்டாராம். மகளுக்குப் பொறுமை போய்விடுகிறது.

“அம்மா, குளிர் விட்டிட்டுது. இதுகளைக் கொண்டுபோய் நடுங்கோவன்.”

“பொறு பிள்ளை. மகாராணி பிறந்தநாள் வரட்டும்.”

விக்டோரியா மகாராணி பிறந்தது 1819 மே 24. 1952இலிருந்து கனடாவில் அந்த விடுமுறை மே 25க்கு முந்திய திங்கட்கிழமை வருகிறது. ரொறன்ரோவில் உறைபனிப் பயம் ஏறக்குறைய அப்போதுதான் நீங்கும் என்பதால், தோட்டக்காரர்கள் எல்லோரும் அந்த நாளைக் கெடுவாக வைத்திருக்கிறார்கள். அம்மம்மாவுக்கு இதை யாரும் புத்தகத்தில் காட்டவில்லை. வந்த முதல் வருடம் ஏப்ரலில் நட்ட வெண்டி ஒரே இரவில் கருகிப்போனது. வெண்டி பத்துப் பாகையிலேயே முகம் சுளிக்கும் சாதி. பனியைக் கண்டால் கேட்கவும் வேண்டுமா? அன்றையிலிருந்து அவர் மகாராணி கட்சி. இலங்கையை ஆண்ட முடியைப்பற்றி அவருக்கு ஆயிரம் குறை உண்டு. வெண்டி விஷயத்தில் மட்டும் முழு விசுவாசம்.

ஏப்ரல் கடைசியில் பனி கொட்டும். தவறாமல் கொட்டும் என்று சொல்லமாட்டேன், ஆனால் கொட்டுகிற வருடங்களில் அம்மம்மா யன்னலருகே நின்று வெளியே பார்க்கும் திருப்தியை வேறு எந்தச் சந்தர்ப்பத்திலும் காணமுடியாது. பக்கத்துத் தெருக்காரரின் தக்காளிக்காக ஒருமுறை ‘ச்சொச்சொ’ கொட்டுவார். பிறகு தேத்தண்ணி கேட்பார்.

மே பிறந்ததும் நாற்றுகளுக்கு வெளிக்காற்றுப் பழக்கும் படலம். முதல்நாள் நிழலில் ஒரு மணித்தியாலம், அடுத்தநாள் இரண்டு, பிறகு இளவெயில். ஒரு கிழமை, பத்து நாள் இப்படி. தூக்கி வைப்பதும் திரும்ப எடுப்பதும் யார்? மகள் வேலைக்குப் போகும் உடுப்போடு கத்தரியைத் தூக்குவாள், மருமகன் ஒரு கையில் காரின் திறப்பும் மற்றக் கையில் மிளகாயுமாய் நடப்பார். மழை இருட்டினால் அலுவலகத்துக்குத் தொலைபேசி போகும். அணிலுக்குப் பயந்து வலைத்துணியில் மூடிகள் தைத்தாயிற்று. எல்லாவற்றுக்கும் இழைக்கயிறு, எல்லாவற்றுக்கும் அளவு. மெஷின் கீழே இறங்குவது அந்தக் கடைசி மூடி தைத்து முடிந்தபிறகுதான்.

பின்வளவு களிமண். ஊரில் செம்மண்ணில் நடந்த காலுக்கு அது இன்னும் ஒத்துவரவில்லை. ஆனால் தோட்டக் கடைகளில் ஆட்டெரு பையில் கட்டி விற்கிறார்கள் என்பதை அறிந்த நாளில் இந்த நாட்டின்மேல் ஒரு மரியாதை வந்தது. மருமகனின் கார் கராஜுக்கு வெளியே நிற்கும், எரு உள்ளே நிற்கும். மீன்தலை புதைத்தால் பூசணி விளாசும் என்று ஒருமுறை புதைத்தார். இரவு ரக்கூன் குடும்பம் ஒன்று வந்து பாத்தி முழுவதையும் கிளறித் தலைகளை எடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் போனது. மண் நன்றாகக் கொத்துப்பட்டிருந்தது என்பதை அவர் ஒப்புக்கொண்டார்.

வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு சீனத்து அம்மம்மா. அவருக்கும் அதே கம்பளிச் சட்டை, அதே தயிர்ப் பெட்டிகள். இருவருக்கும் பொதுமொழி ஒன்றும் கிடையாது. ஆனால் பாகற்காய் இரு வீட்டுக்கும் பொது. அவருடையது வெளிறிய பச்சை, உடம்பு வழுவழு. இவருடையது கரும்பச்சை, உடம்பெல்லாம் முள். எது உண்மையான பாகற்காய் என்று இருவரும் விரலாலும் முகத்தாலும் வருடக்கணக்காக விவாதிக்கிறார்கள். மே மாதத்தில் நாற்றுகளும் பூண்டுத்தாளும் வேலியால் மாறும். பிள்ளைகள் பத்து வருடம் ஆங்கிலத்தில் ‘ஹலோ’ மட்டும் சொல்லிக்கொண்ட வீடுகள் அவை.

விக்டோரியா நாள் மூன்று நாள் விடுமுறை. நாடே ஏரிக்கரைக்குப் போகும். இந்தக் குடும்பம் போனதில்லை. மருமகன் கொத்துவார், மகள் எரு போடுவாள், பேரன் பந்தலுக்குத் தடி நடுவான். கத்தரிக்குக் கத்தரி இரண்டடி. கழுத்து நாடா இறங்கி நிலத்தில் படுக்கும். அரையங்குலம் விலகினால் பிடுங்கி நடவேண்டும். இரவு தெருக்கோடியில் மகாராணிக்கு வாணவேடிக்கை விடும்போது எல்லோரும் முதுகுக்குச் சித்தாலேப தேய்த்துக்கொண்டு படுத்திருப்பார்கள்.

இவ்வளவுக்கும் அவர் இந்த நாட்டில் இருக்கப்போகிறவர் அல்லர். “நான் ஊருக்குப் போகப்போறன். இந்தக் குளிருக்கை என்னாலை ஏலாது” என்பது ஒவ்வொரு நவம்பரிலும் வெளிவரும் அறிக்கை. போங்கோ என்று பிள்ளைகள் ரிக்கெற் விலைகூடப் பார்த்துவிடுவார்கள். தையில் போகலாம் என்றால் தைக்கக் கிடக்கிறது. கறிவேப்பிலையை யார் பார்ப்பது? பங்குனியில் விதை. நல்லூர்த் திருவிழாவுக்குப் போகலாமே என்றால், அந்த நேரம்தானே தக்காளி பழுக்கிறது, புடலங்காய்க்குக் கல் கட்டித் தொங்கவிடுகிற காலம் அல்லவா? ஐப்பசியில் விதைக்கு விட்ட காய்கள் காயவேண்டும். காய்ந்த கையோடு முதற்பனி. என் அபிப்பிராயத்தில் அவரைப் போகவிடாமல் பிடித்துவைத்திருப்பது பிள்ளைகள் இல்லை. அவர்கள் பலமுறை விட்டுக்கொடுத்துப் பார்த்துவிட்டார்கள்.

மே கடைசியில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காரின் பின்பெட்டியில் பழைய பத்திரிகை விரித்துக்கொண்டு போங்கள். நட்டு மிஞ்சிய மிளகாயும் கத்தரியும் உங்களுக்குத்தான். அடுக்குமாடியில் இருக்கிறேன், வெயில் வராது என்றெல்லாம் சொல்லித் தப்பமுடியாது. கொண்டுபோக ஒரு பையும் தைத்துத் தருவார். ஓகஸ்ட்டில் தொலைபேசி எடுத்து, காய்ச்சுதோ என்று கேட்பார். செத்துப்போய்விட்டது என்றால் பயப்படாமல் உண்மையைச் சொல்லிவிடுங்கள். இன்னொன்று வைத்திருக்கிறார்.